மாமாவைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போன கதை

"மாமா, ஓட்டோ வந்திட்டு. வெளிக்கிடுங்க."

பாத்ரூம் கதவுக்குப் பின்னால் வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"மாமா!"

"வயிறு சரியில்ல மகன். நீ போயிட்டு வா."

"நான் போய் என்னத்தச் செய்ய? பல்லு உங்கடல்லோ!"

அஃப்ராஸ் திரும்பி மாமியைப் பார்த்தான். மாமி ஜெய்னம்பு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கதவில் படபடவெனத் தட்டினார்.

"இஞ்சேருங்க, ஓட்டோக்காரன் சிரிக்கிறான். ஒரு பல்லுக்காக மானத்த வாங்காதீங்க. வெளிய வாங்க."

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியால் தண்ணீர் வழிந்து முற்றத்துக்கு வரத் தொடங்கியது. வாளி நிரம்பியும் மனுசன் ஏன் குழாயைப் பூட்டவில்லை என்று அஃப்ராஸ் யோசித்தான். பயத்தில் மயங்கி விழுந்துவிட்டாரோ? தோளால் ஓர் இடி இடித்தான். தாழ்ப்பாள் தெறித்தது.

உள்ளே யாருமில்லை. சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே ஒரு பூனைகூட யோசித்துத்தான் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் விளிம்பில் மாமாவின் ஒற்றைச் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

வாசற் கதிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் மாசமான மனைவி இல்மா, "வாப்பா ஓடிட்டாரா?" என்று கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

அவர் களப்புக் கரையில் அகப்பட்டார். மற்றச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு, பஸ்தியானின் வள்ளத்து எஞ்சினுக்குள் தலையை விட்டபடி, உலகத்திலேயே அவசரமான வேலை அதுதான் என்பதுபோல நின்றார்.

"எஞ்சினுக்கு என்ன மாமா?"

"ஒண்டுமில்ல மகன்," என்றார் பஸ்தியான். "நல்லா ஓடிக்கொண்டிருந்தது. இவர்தான் வந்து கழட்டினார்."

ஜபார் மாமா கோழை என்றால் அஃப்ராஸுக்குக் குழப்பமே இல்லை. அவர் கோழை இல்லை. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது, மீசை சரியாக முளைக்காத வயதில், தன்னுடைய உம்மாவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்து கற்பிட்டிக் கரையில் இறக்கியவர். எஞ்சின் விசிறியில் வலை சுற்றினால் எந்தக் காற்றிலும் மூச்சடக்கி இறங்கி அறுத்துவிட்டு வருவார். எலுவன்குளம் ரோட்டில் ஒருமுறை யானை மறித்தபோது, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அது போகும்வரை மடியிலிருந்த கடலையைத் தின்றுகொண்டு நின்றவர்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய தைரியம் ஒன்றை அஃப்ராஸ் நேரில் கண்டிருந்தான். இல்மாவுக்கு முதல் பிள்ளை சில மாதங்களிலேயே கலைந்துபோனது. இரண்டாவது, மாதம் நிறைந்து வந்தும் கண் திறக்கவில்லை. அன்றைக்கு அஃப்ராஸால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. அந்தச் சின்ன வெள்ளைத் துணிச் சுருளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மையவாடிவரை நடந்தவர் மாமாதான். குழிக்குள் இறங்கி வைத்தவரும் அவர்தான். அவருடைய கை நடுங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, "அல்லாஹ் தந்தான், எடுத்திட்டான். இன்னொண்டு தருவான்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்காத நேரத்தில்தான் அழுதிருப்பார்.

இப்போது மூன்றாவது. இல்மாவின் மனசுக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது, இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து புத்தளம் தில்லையடியில் இருந்த அந்த வீட்டில் டீவியின் சத்தம் குறைந்தது. மாமியின் ஏச்சும் குறைந்தது. கெட்ட செய்தி எதுவும் வாசலுக்குள் வரக்கூடாது என்பது மாமாவின் சட்டம். சொந்தத்தில் யாரும் மௌத்தானால்கூட முதலில் வெளியே வைத்து அவர் காதில்தான் போட வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நோன்பு மாதத்தில் மாமாவின் பல்வலி வந்து குந்தியது.

இடது கன்னம் வீங்கியது. வெற்றிலையை விட்டார். இறைச்சியை விட்டார். பெருநாளன்று வட்டிலப்பத்தைக் கூட ஓரமாகத் தள்ளிவிட்டுக் கஞ்சி குடித்தார். ஆள் மெலிந்தார். "டொக்டரிட்டக் காட்டுங்க" என்றால், மூஞ்சி வெளிறி, லேஞ்சித் துணியால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "குறட்டப் பாத்தாலே எனக்கு ஈரக்கொலை நடுங்குது" என்பார். நாள் முழுக்கக் கையில் குறட்டோடு திரியும் மெக்கானிக் அவர்.

பாத்ரூம் விஷயத்துக்குப் பிறகு இல்மா சாப்பிடவில்லை. "எனக்கொண்டும் வேணாம். வாப்பாவே பட்டினி கிடக்கிறார்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மாமி அஃப்ராஸைக் குசினிக்குள் கூப்பிட்டு, "மருமகன், நீங்கதான் எப்பிடியாவது மாமாவக் கொண்டுபோகணும். இல்லாட்டி இவ இப்பிடியே கிடந்து..." என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

அஃப்ராஸ் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன். பொறுமை உண்டு, தந்திரம் கிடையாது. ஆனாலும் ஒரு தந்திரம் செய்தான்.

"மாமா, எலுவன்குளத்தில ஒரு ஆளுட தண்ணி மோட்டர் நிண்டு போச்சாம். வயல் காயுதாம். ஒருக்கா வந்து பாக்கேலுமா?"

எஞ்சின் என்று சொன்னால் மாமா மறுக்கமாட்டார். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினார்.

கொஞ்ச தூரம் போனதும் தோளில் தட்டினார். "இது டவுணுக்குப் போற ரோட்டல்லோ மகன்?"

"பெற்றோல் அடிக்கணும் மாமா."

பெற்றோல் செட் போனது. இன்னொரு பெற்றோல் செட்டும் போனது. ஒரு பல் டொக்டரின் போர்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நின்றது. அஃப்ராஸ் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகச் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டான்.

ஆனால் மாமா ஓடவில்லை. போர்டைப் பார்த்தார். அஃப்ராஸைப் பார்த்தார். பிறகு அமைதியாக உள்ளே போய், காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். அஃப்ராஸால் நம்பவே முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு நம்பர் எடுக்கப் போனான்.

திரும்பி வரும்போது மாமா பக்கத்துக் கதிரைப் பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தார். கதிரைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

"எங்கட ஊரில ஒரு பரியாரி இருந்தவர். நெஞ்சில முழங்கால வெச்சுத்தான் கழட்டுவார். ஒருநாள் பிழையா நல்ல பல்லக் கழட்டிட்டார். அப்ப கெட்ட பல்லு எது? அடுத்ததக் கழட்டிப் பாத்தார். அதுவும் நல்ல பல்லு. அதுக்கடுத்ததக் கழட்டினார்..."

"பிறகு?" என்றாள் அந்தப் பெண், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"பிறகென்ன, அந்த ஆளுக்கு இப்ப பல்வலியே இல்ல."

அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள்.

"இப்பெல்லாம் விறைப்பு ஊசி போடுவாங்களே," என்றான் மூலையில் இருந்த ஓர் இளைஞன், தனக்குத் தானே ஆறுதல் சொல்வதுபோல.

"போடுவாங்க தம்பி. எண்ட மச்சினனுக்குப் போன பெருநாளைக்குப் போட்டது. இன்னும் விறைப்பு இறங்கல்ல. தேத்தண்ணி குடிச்சா காதுப் பக்கமா வழியுது."

இளைஞனும் போனான். ரிட்டையரான ஒரு பள்ளிக்கூட அதிபர், "எனக்கு இப்ப வலி இல்லாத மாதிரித்தான் தெரியுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். பல் டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தபோது, வெறும் கதிரைகளும் மாமாவும் அஃப்ராஸும்தான் இருந்தார்கள்.

"இவர நீங்க வேற எங்கயாவது கொண்டு போங்க," என்றார் டொக்டர். கோபப்படவில்லை. கும்பிடாத குறை.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறியதும் மாமா கேட்டார்: "அப்ப, எலுவன்குளத்துக்குப் போவமா?"

"எலுவன்குளத்தில ஒரு மோட்டரும் நிக்கல்ல மாமா. பொய் சொன்னன்."

மாமா சாமான் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். பிறகு அஃப்ராஸின் தோளில் கையை வைத்தார். "பொய் சொல்லப் பழகாத மகன். அது லேசான வேலையில்ல. ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு நடக்கணும்."

பல் காட்டப் பயந்து ஊரைக் கலைத்த ஆள் தனக்கு உபதேசம் செய்கிறாரே என்று அஃப்ராஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முயற்சி இல்மாவுடையது. பயம் வாப்பாவின் பிழை இல்லை, நல்ல டொக்டர் கிடைக்காததுதான் பிழை என்று அவள் முடிவு கட்டினாள். படுத்த படுக்கையில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, புத்தளத்தில் யாருக்கெல்லாம் பல் இருக்கிறதோ அவர்களையெல்லாம் விசாரித்தாள். சொந்தக்காரர், கிளினிக்கில் பழகிய பெண்கள், கூடப் படித்த பிள்ளைகள் யாரும் தப்பவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி:

"ஆள் எப்பிடி? சொல்லிப்போட்டுச் செய்றவரா, செஞ்சுபோட்டுச் சொல்றவரா?"

கடைசியில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அக்கீலா டொக்டர். அவ கண்ணாடியைக் கையில் தந்து எந்தப் பல்லுக்கு என்ன நடந்திருக்கு என்று காட்டுவாவாம். ஊசி போடுமுன் சொல்வாவாம். கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாவாம். கழற்றத் தேவையில்லாத பல்லைக் கழற்றவே மாட்டாவாம். பயந்து அழுத ஒரு வயசாளியைக் கதிரையில் சும்மா உட்காரவைத்து, கதைத்து, அன்றைக்கு வாயைக்கூடத் திறக்கச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பினாவாம். மறுநாள் அவர் தானாக வந்தாராம்.

"இவதான் வாப்பா உங்களுக்குச் சரியான ஆள்," என்றாள் இல்மா. முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

மாமா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பொம்பளப் புள்ளயா? வேணாம்."

"ஏன் வாப்பா?"

"கையில பலமிருக்காது. பாதிப் பல்லோட விட்டிடும். வேற யாரெண்டாலும் பாப்பம். அவ வேணாம்."

"வேற யார் எண்டாலும் நீங்க கூரையால ஓடுறீங்களே!" என்றான் அஃப்ராஸ்.

"கத்தாத மகன். புள்ளக்கி ஆகாது."

"எனக்கு ஆகாதது இதுதான் வாப்பா," இல்மா அழத் தொடங்கினாள். "உங்களப் பாக்கேலாம இருக்கு. எலும்பாப் போயிட்டீங்க. ஒரு பல்லுக்கு இப்பிடிச் செய்றீங்களே. எண்ட புள்ளக்கி மூத்தவாப்பா வேணாமா?"

மாமாவின் வாய் கோணியது. அவர் மகள் அழுவதைத் தாங்கமாட்டார். எழுந்து போனார், வந்தார். அன்று இரவு முழுவதும் மாமி தந்த கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஓதி எடுத்து வந்த தண்ணீரைக் குடித்தார். காலையில் தேத்தண்ணிக்கு எல்லாரும் இருக்கும்போது கைகளைத் தட்டினார்.

"சுகம்! அல்லாஹ்மேல ஆணையா..." என்று தொடங்கி, ஆணையை மட்டும் பாதியில் விழுங்கிக்கொண்டார். "சுகமாப் போச்சு. உங்கட உம்மாட கராம்புதான் டொக்டர்."

"உண்மையாவா வாப்பா?"

"நம்பாட்டி இந்தாப் பாரு."

மேசையிலிருந்த முறுக்குப் போத்தலைத் திறந்தார். பெரிதாக ஒன்றை எடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்து ஒரு கடி கடித்தார். நொறுங்கும் சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் சிரித்தார். சிரித்த வாயின் ஓரத்தால் இரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

"வாப்பா!"

இல்மா பதறிக்கொண்டு எழுந்தாள். பாயின் ஓரம் காலில் தட்டியது. அஃப்ராஸ் கையை நீட்டுவதற்குள் கதிரையில் இடிபட்டு விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் நடையில் அவர்கள் மூவரும் நின்றார்கள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். மாமா லேஞ்சியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். அவருடைய சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. போகிற வருகிற நர்ஸ்மார் அவரைத்தான் நோயாளி என்று நினைத்து, எங்கே அடிபட்டது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "நே நே, மகே துவ" என்று உள்ளே கையைக் காட்டினார். என் மகள், என் மகள்.

அஃப்ராஸால் அடக்க முடியவில்லை. அவன் வாழ்க்கையில் மாமாவை எதிர்த்துப் பேசியதே கிடையாது.

"ஒரு பல்லு மாமா! ஒரே ஒரு பல்லு! அதுக்குப் பயந்துதானே இவ்வளவும். இந்தப் புள்ளக்கும் ஏதாவது ஒண்டு நடந்தா... இன்னொருக்காத் தூக்கிக்கொண்டு போவீங்களா மையவாடிக்கி?"

"மருமகன்!" என்றார் மாமி.

மாமா கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். "ஓம் மகன். பயம்தான்," என்றார். "எனக்குப் பயம்தான்." அப்படியே சுவரோரமாகக் குந்திவிட்டார்.

அஃப்ராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் உட்காரக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளையின் இதயத்துடிப்பு சரியாக இருந்தது. ஆனால் இனி வீட்டுக்கு அனுப்பமாட்டோம், பிள்ளை கிடைக்கும்வரை வார்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்மா கண் விழித்ததும் முதலில் கேட்டது வாப்பாவைத்தான். அவர் போய்க் கட்டிலருகே நின்றார், பிழை செய்த பிள்ளை மாதிரி.

"வாப்பா, எனக்கொரு வாக்குத் தாங்க."

"என்ன மகள்?"

"டொக்டரிட்டப் போவீங்களா?"

"போவன். நீ புள்ளயப் பெத்து எண்ட கையில தா. நான் பல்லக் கழட்டி உண்ட கையில தாறன்."

பக்கத்துக் கட்டில் பெண்கள் சிரித்தார்கள். இல்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் மாமாவுக்கு ஏதோ வழி தெரிந்துவிட்டது போலிருந்தது.

அதன் பிறகு வார்டில் பார்வையாளர் நேரம் வந்தால் ஒரே கலகலப்புத்தான். 'பல்லுக்குப் பயந்த வாப்பா' என்று ஒரு வார்டே அவரை அறிந்துகொண்டது. அவரும் சளைக்காமல் நடித்தார். நர்ஸ் கத்தரிக்கோலோடு நடந்தால் கட்டிலுக்குப் பின்னால் ஒளிவார். வெள்ளைச் சட்டை போட்ட யாராவது வந்தால் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். பாத்ரூம் கூரையால் தப்பிய கதையை அவரே சொன்னார். ஒவ்வொரு நாளும் அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் சிறுத்தது. இல்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் எழுதினாள்.

அஃப்ராஸ் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் அவர் கஞ்சியைக்கூட இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கமுடியாமல் வைப்பதை அவன் கண்டான். பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. 'இவ்வளவு வேதனையையும் தாங்கிக்கொண்டு, ஒரு ஊசிக்குப் பயப்படுகிறாரே' என்று நினைத்தான். அந்தப் பிடிவாதத்தை நினைக்க நினைக்க ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு விடியற்காலையில் பெண் பிள்ளை பிறந்தது. கத்திக்கொண்டே பிறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமி நடையிலேயே ஸஜ்தாவில் விழுந்தார். அஃப்ராஸ் யாரென்று தெரியாத ஒரு மனுசனைக் கட்டிப்பிடித்து அழுதான்.

பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல மாமாவிடம் கொடுத்தார்கள். அவர் கைகள், மையவாடிக்கு நடந்த அன்று நடுங்காத கைகள், இன்று நடுங்கின. குனிந்து பிள்ளையின் வலது காதருகே வாயைக் கொண்டுபோனார். ஆனால் வாய் முழுசாகத் திறக்கவில்லை. நாக்குப் புரளவில்லை. வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, கண்ணை மூடி, மறுபடி தொடங்கினார். எப்படியோ முடித்தார்.

அஃப்ராஸ் சந்தோஷத்தில் இருந்தான். பழைய கோபமெல்லாம் போயிருந்தது. "பல்லக் கழட்டின பிறகு இன்னொருக்கா வடிவாச் சொல்லுங்க மாமா. புள்ள விளங்காம முழிக்குது," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டுப் பிள்ளையின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். வீங்காத கன்னத்தை. தாதி வந்து கேட்கும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவரைப் பார்த்து வீடே அசந்துபோனது. குளித்து, புதுச் சாரம் உடுத்து, பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒருவரும் சொல்லாமலே வெளிக்கிட்டு நின்றார்.

"எங்க மாமா?"

"வாக்குக் குடுத்தனல்லோ. டொக்டரிட்டப் போறன். அந்த அக்கீலா டொக்டரிட்ட."

அஃப்ராஸ் உடனே இல்மாவுக்கு ஃபோன் எடுத்தான். "உங்கட வாப்பா தானா வெளிக்கிட்டு நிக்கிறார்! உங்கட டொக்டரிட்டத்தானாம்!" அந்தப் பக்கம் இல்மா அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

"நான் தனியப் போயிட்டு வாறன் மகன். நீ புள்ளட்டப் போ," என்றார் மாமா.

"தனியவா? உங்களையா?" அஃப்ராஸ் ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தான். "நீங்க கூரையில்லாத இடத்திலயும் ஏறி ஓடுவீங்க. ஏறுங்க பின்னால."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் அஃப்ராஸ்தான் கதைத்தான். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, முடி இறக்குவது எப்போது, அகீக்கா விருந்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று. "நீங்கதான் எல்லாத்தையும் முன்னுக்கு நிண்டு செய்யணும் மாமா," என்றான். பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் கேட்டது. காற்றில் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தான்.

கிளினிக்கில் கூட்டமில்லை. அஃப்ராஸ் மாமாவை உட்காரவைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போய் வாசலை மறித்துப் போட்டு அதில் தான் உட்கார்ந்தான். மாமா அந்த ஏற்பாட்டைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"மகன், நீ வெளிய நிண்டா நல்லம். நான் ஓடமாட்டன்."

"இவ்வளவு தூரம் கொண்டு வந்து சேத்திட்டன் மாமா. இனி உங்கள நம்ப நான் விசரனா?"

உள் கதவு திறந்தது. டொக்டரின் உதவியாளர் சுல்பா எட்டிப் பார்த்தாள். சின்ன வயதுப் பெண், சிரித்த முகம்.

"மிஸ், கவனம்," என்றான் அஃப்ராஸ், சத்தமாக, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. "இவர் பல் டொக்டரக் கண்டா ஓடுற ஆள். உள்ளுக்கு எடுத்ததும் கதவப் பூட்டிக்கொள்ளுங்க."

சுல்பா அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி மாமாவைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய், கண் நிறைந்துவிட்டது.

"வந்திட்டீங்களா மாமா, மகளுக்குப் புள்ள கெடச்சிட்டா? நோன்புக்கு முன்னம் வாயில இருக்கிற அந்தப் புண்ணு கேன்சர் எண்டு எங்கட டொக்டர் சொன்ன நாள்லயிருந்து, 'மகள் நல்லபடி பெத்தெடுக்கட்டும், அதுக்குப் பிறகு மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போறன், அதுவரைக்கும் வீட்டுக்குத் தெரியக்கூடாது' எண்டு சொல்லிச் சொல்லியே இவ்வளவு நாளையும் கடத்திட்டீங்களே!"